சந்திரகலாவின் உயரமும் சில எண்ணெய்ப் பெட்டிகளும்

ரயில் பித்துப் பிடித்தவர்கள் பொதுவாக இஞ்சினைத்தான் பார்ப்பார்கள். நித்தியானந்தன் அந்த ரகமில்லை. பளபளவென்று துடைத்த நீராவி இஞ்சின் ஒன்று பெருமூச்சுவிட்டபடி வந்து நின்றாலும், அவருடைய கண் அதைத் தாண்டிப் பின்னால் போய்விடும். பின்னால் இழுபட்டு வருகிற எண்ணெய்த் தாங்கிப் பெட்டிகள்தான் அவருக்கு வேண்டும். அவற்றிலும் ரயில்வேக்குச் சொந்தமானவை வேண்டாம். தனியார் கம்பனிகள் தங்கள் காசில் செய்வித்து, தங்கள் பெயரைப் பெரிதாக எழுதி, ரயில்வேயின் தண்டவாளத்தில் ஓடவிட்ட பெட்டிகள் மட்டுமே வேண்டும். இப்படியொரு ருசி உலகத்தில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று தெரியாது. மெல்பேணில் ஒருவருக்கு இருந்தது.

எழுபத்துமூன்றாம் ஆண்டு அவர் இலங்கையிலிருந்து வந்து நீர்வாரியத்தில் பொறியியலாளராகச் சேர்ந்தபோது, ஸ்பொட்ஸ்வூட் அலுவலகத்தில் அவருக்கு யன்னலோரமாக மேசை கிடைத்தது. யன்னலுக்கு வெளியே எண்ணெய்க் கிடங்குகள். அங்கிருந்து உருளைப் பெட்டிகள் நாள் முழுவதும் போவதும் வருவதுமாக இருந்தன. “ரயில்வே இத்தனை பெட்டிகள் வைத்திருக்கிறதே” என்று பக்கத்து மேசைக்காரரிடம் ஒருநாள் சொன்னார். “பெட்டி ரயில்வேயுடையது இல்லை. இழுப்பதுதான் ரயில்வே. பெட்டி எண்ணெய்க் கம்பனிக்காரனுடையது” என்றார் அவர். வேறு யாராவது என்றால் அப்படியா என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். நித்தியானந்தன் அன்று பின்னேரமே நூலகத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வருட வார இறுதிகளைப் பற்றி அவருடைய மனைவி சந்திரகலாவிடம்தான் கேட்க வேண்டும். கிளென் வேவர்லியில் ஒரு மருந்துக்கடையில் அவள் மருந்தாளராக வேலை செய்தாள். சனிக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தால், தெருவோரத்தில் டட்சன் கார் நிற்கும். காருக்குள் கமரா, வரைபடம், ஒரு போத்தல் தேநீர், நித்தியானந்தன்.

“இண்டைக்கு எங்க?”

“ஒரு வடிவான இடம்” என்பார்.

வடிவான இடம் என்றால் பழுதாகிப்போன பெட்டிகளைத் தள்ளிவிடும் ஏதாவது ஒரு பக்கத் தண்டவாளம் என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. கலியாண நாளுக்குக்கூட அப்படியொரு வடிவான இடத்தில் புல் முளைத்த தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்துதான் கட்லெட் சாப்பிட்டார்கள்.

கிருஷ்ணசாமிக்கு இது ஒரு நல்ல தீனி. மதுரைக்காரர். அடுத்த தெருவில் இருந்தார். பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பித்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தால், சோற்றில் கை வைக்கும் முன்பே தொடங்கிவிடுவார்.

“ஏன் சார், ரயில் மேல ஆசைன்னா டிக்கெட் எடுத்து ஏறி உக்காந்து போகலாம். நீங்க ஏறவே முடியாத பெட்டியாப் பாத்து ஆராய்ச்சி பண்றீங்களே?”

“ஆக்கள் ஏறுற பெட்டியைப் பற்றி எல்லாரும் எழுதிப்போட்டினம், கிருஷ்ணசாமி.”

“அப்ப மிச்சம் இருந்தது இதுதானா?”

“ஓம். மிச்சமிருந்தது எனக்கு” என்று நித்தியானந்தன் மிகவும் பெருமையாகச் சொன்னார். சந்திரகலா குசினிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

அவர் முக்கியமாகத் தேடியது ‘சில்வர் வாட்டில்’ என்ற ஒரு சின்ன எண்ணெய்க் கம்பனியின் பெட்டிகளை. முதலாம் உலக யுத்தத்துக்கு முன்பே மூடப்பட்டுவிட்ட கம்பனி. பெரிய கம்பனிகளின் வரலாற்றை அந்தந்தக் கம்பனிகளே எழுதி வைத்திருந்தன. சில்வர் வாட்டிலைப் பற்றி ஒருவரும் ஒருவரிகூட எழுதவில்லை. கம்பனி போனாலும் பெட்டிகள் போகவில்லை. அவற்றில் நாலைந்தை ரயில்வே வாங்கி, தண்டவாளத்தில் முளைக்கிற களைக்கு அடிக்கும் நஞ்சைக் கொண்டுபோகப் பயன்படுத்தியது. மேலே பூசிய கறுப்பு மை உரிந்த இடங்களில் பழைய கம்பனியின் பெயரும், இத்தனை கலன் எண்ணெய் கொள்ளும் என்ற கணக்கும் மங்கலாகத் தெரியும்.

நஞ்சுப் பெட்டி என்பதால் ஏறி அளக்க விடமாட்டார்கள். அளவுநாடாவை எடுத்தாலே யார்டு மேற்பார்வையாளர் கையைக் காட்டித் தடுத்துவிடுவார். படம் எடுக்கலாம், பிறகு போய்விட வேண்டும். படத்திலிருந்து பெட்டியின் அளவைக் கணிக்க வேண்டுமென்றால், பக்கத்தில் உயரம் தெரிந்த ஏதாவது ஒன்று நிற்க வேண்டும்.

அந்த ஏதாவது ஒன்றுதான் சந்திரகலா.

“நஞ்சு எண்டபடியால் ஒருத்தரும் கிட்டப் போகக்கூடாது எண்டுதானே அந்த ஆள் சொன்னவர்?” என்று முதல் தடவையே கேட்டாள்.

“ஓம்.”

“அப்ப நான்?”

“நீர் தொடேல்லைத்தானே. சும்மா பக்கத்தில நில்லும்.”

“கம்பு ஒண்டை நட்டுவிட்டால் காணாதோ?”

“கம்பு சரிஞ்சுபோகும். நீர் நேரா நிப்பீர். ஐஞ்சடி ஓரங்குலம், பாஸ்போட்டில கிடக்குது. இதைவிட வேற என்ன அத்தாட்சி வேணும்?” கமராவுக்குள் கண்ணை வைத்துக்கொண்டு, “சிரியாதையும், கலா. சிரிச்சால் தலை சரியுது” என்றார்.

இப்படியாக, பச்சைச் சேலையிலும் நாவற்பழச் சேலையிலும், மழைக்கோட்டுக்குள்ளும், ஒரு தடவை காய்ச்சலோடும், சிரிக்காமல் நிற்கும் சந்திரகலாவுக்குப் பக்கத்தில் சில்வர் வாட்டிலின் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பதிவாகின. வீட்டில் மேசைவிளக்கைப் போட்டுக்கொண்டு நித்தியானந்தன் கணக்குப் பார்த்தார். கமராவின் கோணத்துக்கு ஒரு திருத்தம். நிலத்தின் சரிவுக்கு ஒரு திருத்தம். அவள் பெட்டியிலிருந்து தள்ளி நின்ற தூரத்துக்கு இன்னொரு திருத்தம். எல்லாவற்றையும் திருத்திப் பார்த்தபோது அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்தப் பெட்டியும் அதன்மேல் எழுதியிருந்த அளவு கொள்ளவில்லை. ஒவ்வொன்றிலும் ஏழில் ஒரு பங்கு குறைந்தது.

தற்செயல் என்றால் ஒன்று குறையும், இன்னொன்று கூடும். எல்லாமே ஒரே அளவில் குறைந்தால் அதற்கு வேறு பெயர்.

“கள்ளக் கணக்கு!” என்று அவர் குசினி வாசலில் வந்து நின்று அறிவித்தார். “ரயில்வே பெட்டி எண்டால் ரயில்வே அளந்திருக்கும். இது தனியார் பெட்டி. சொந்தக்காரன் எழுதினதுதான் அளவு. கிராமத்துக் கடைக்காரன் ஒரு பெட்டி மண்ணெண்ணெய் எண்டு வாங்கியிருப்பான். ஏழில ஒரு பங்கு காத்தை வாங்கியிருக்கிறான், பாவம். கம்பனி நடந்த இருவது வருசமும் ஒருத்தருக்கும் தெரியேல்லை!”

“பருப்பு அடிப்பிடிக்குது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ” என்றாள் சந்திரகலா. ஆனால் அவளுக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. மூன்று வருடம் வெயிலில் நின்றதுக்கு ஏதோ ஒன்று கிடைத்துவிட்டதல்லவா?

நித்தியானந்தன் உறுப்பினராக இருந்த ரயில் பெட்டி ஆர்வலர் சங்கம் மாதம் ஒருமுறை நகரத்தில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடும். செயலாளர் லெஸ் ஹார்க்னெஸ். சிவந்த முகமும் பெரிய தொண்டையுமாக ஒரு மனிதர். கண்டுபிடிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதுமே அடுத்த கூட்டத்தில் பேசவேண்டும் என்று சொல்லிவிட்டார்; சங்கத்தின் செய்திமடலிலும் படங்களோடு சுருக்கமாகப் போட்டுவிட்டார். முழுக் கட்டுரையும் அடுத்த சஞ்சிகையில் வருவதாக ஏற்பாடு.

கூட்டத்துக்குச் சந்திரகலாவும் போனாள். அவள் உள்ளே நுழைந்ததும் கதிரைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. ஆனால் படங்களில் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. “பெட்டியைவிட நீங்கள் உயரம் குறைவு என்று தெரியும். இவ்வளவு அழகாகச் சிரிப்பீர்கள் என்று தெரியாது” என்றார் ஒருவர்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் பெட்டியும் அவளும், பெட்டியும் அவளும் என்று படங்கள் மாறிக்கொண்டே போயின. நித்தியானந்தன் நன்றாகத்தான் பேசினார். திருத்தங்களையெல்லாம் ஒவ்வொன்றாக விளக்கிவிட்டு, “ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே ஒன்றுதான். அசையாத, மாறாத, நம்பத்தக்க ஓர் அளவுகோல். என்னுடைய மனைவி. ஐந்தடி ஓரங்குலம்!” என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த சந்திரகலா கூச்சத்தில் தலையைக் குனிந்தாள். குனிந்தபோது தன்னுடைய சேலைக் கரையையும், அதற்குக் கீழே எட்டிப்பார்த்த சப்பாத்தையும் கண்டாள்.

கைதட்டு அடங்கும் முன்பே காலைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

மருந்துக்கடையின் மேசை அவுஸ்திரேலியப் பெண்களின் உயரத்துக்குக் கட்டியது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாடிக்கையாளர்கள் உள்ளே வந்து, “யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்பார்கள். அவள் அங்கேதான் நின்றுகொண்டிருப்பாள். அந்த அவமானம் தாங்காமல், சட்ஸ்ரன் கடைத்தொகுதிக்குப் போய், அப்போது எல்லாப் பெண்களும் போட்டுத் திரிந்த, அடி முழுவதும் பலகை போலத் தடித்த ‘பிளாட்ஃபோர்ம்’ சப்பாத்து ஒரு சோடி வாங்கினாள். அது தேய்ந்ததும் அதே மாதிரி இன்னொரு சோடி. கடையிலிருந்து நேரே டட்சனுக்குள் ஏறி, டட்சனிலிருந்து இறங்கி நேரே பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறாள். எல்லாச் சனிக்கிழமையும். எல்லாப் படத்திலும்.

சில்வர் வாட்டில் கம்பனி ஒருவரையும் ஏமாற்றவில்லை. அவள்தான் உயரமாக நின்றிருக்கிறாள். அவள் உயர்ந்த அளவுக்குப் பெட்டிகள் கணக்கில் சுருங்கிவிட்டன.

திரும்பி வரும்போது கிளென் வேவர்லி ரயிலில் கூட்டமில்லை. நித்தியானந்தன் சின்னப் பிள்ளை மாதிரிக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“இஞ்சேருங்கோ, என்ர உயரத்தைப் பற்றி ஒண்டு சொல்லவேணும்” என்று தொடங்கினாள்.

“உம்மட உயரத்துக்குத்தான் கலா, இண்டைக்கு அவ்வளவு கைதட்டு” என்று சொல்லி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். கலியாணம் முடித்த புதிதில்கூட அவர் ரயிலில் வைத்துக் கையைப் பிடித்ததில்லை. அவள் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அவருடைய கையைத் திருப்பிப் பிடித்தாள்.

அடுத்தநாள் சப்பாத்து இரண்டையும் அவருடைய வாசிக்கும் அறையின் வாசலில், நடுவில், கண்ணில் படும்படி வைத்தாள். அவர் தடக்கி விழப்பார்த்து, “மன்னிக்கவேணும்” என்று சப்பாத்துக்குச் சொல்லிவிட்டு, அவற்றைப் பவ்வியமாக ஓரத்தில் எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

இன்னொரு நாள், “நான் கொஞ்சம் வளந்திட்டன் போல கிடக்கு” என்று சொல்லிப் பார்த்தாள்.

“இந்த வயசில ஒருத்தரும் வளர ஏலாது.”

“இந்த வயசெண்டால்? எனக்கு முப்பத்தாறு!”

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அரை மைல் தூரத்தில் போகிற பெட்டியின் சில்லைப் பார்த்து அது எந்தப் பட்டறையில் செய்தது என்று சொல்லக்கூடிய மனுசன். தனக்குப் பக்கத்தில் நடந்து வருகிற மனைவியின் காலில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. இதை நினைத்து ஒரு நேரம் அவளுக்குச் சிரிப்பு வந்தது, இன்னொரு நேரம் கோபம் வந்தது. நேரடியாகச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் அவருடைய முகம் எப்படிப் போகும் என்று நினைத்ததும் அவளுக்கு வாய் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் தொலைபேசி மணி அடித்தது. அவள்தான் எடுத்தாள்.

“என் பெயர் ஈடித் ஹால்ப்ரூக்” என்றது ஒரு வயதான குரல். “சில்வர் வாட்டில் கம்பனியை நடத்தியவர் என் தகப்பனார். உங்கள் சங்கத்தின் செய்திமடலை என் பக்கத்து வீட்டுக்காரர் காட்டினார். உங்கள் கணவர் தேநீருக்கு வரமுடியுமா? பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தப் பெண்மணியும் வந்தால் நல்லது.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் சந்திரகலாவைச் சுட்டது.

நித்தியானந்தனுக்கோ தலைகால் புரியவில்லை. “உயிரோட ஒரு சாட்சி!” என்றார்.

“அந்த மனுசியிட்டப் போய், உங்கட அப்பா கள்ளன் எண்டு சொல்லப் போறியளோ?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “மெதுவாச் சொல்லுவன்” என்றார். பிறகு, “எண்டாலும் வரலாறு வரலாறுதான், கலா.”

ஞாயிற்றுக்கிழமை டட்சனில் த பேசின் என்ற ஊருக்குப் போனார்கள். மிஸ் ஹால்ப்ரூக்கின் வீடு டண்டினோங் மலையின் அடிவாரத்தில், பெரிய மரங்களுக்குக் கீழே, ஈரமண் வாசத்தோடு இருந்தது. கார் நின்றதும் அவரே விறாந்தைக்கு வந்துவிட்டார். எண்பது வயதிருக்கும். மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. முத்துமாலை போட்டு, தலையைச் சீவி, விருந்தாளிகளுக்காக ஆயத்தமாகி நின்றார். தகப்பனைப் பற்றிய தீர்ப்பைக் கேட்கவும் அப்படித்தான் ஆயத்தமாகி நின்றார் என்று சந்திரகலாவுக்குப் பட்டது.

இனிமேல் தாங்காது என்று அவள் முடிவு செய்தாள்.

விறாந்தையில் கிடந்த மரவாங்கில் உட்கார்ந்து, சப்பாத்தின் வாரைக் கழற்றத் தொடங்கினாள்.

“அதெல்லாம் தேவையில்லை, அப்படியே வாருங்கள்” என்றார் மிஸ் ஹால்ப்ரூக்.

“எங்கள் வழக்கம்” என்றாள் சந்திரகலா.

நித்தியானந்தன் ஆச்சரியமாகப் பார்த்தார். வெள்ளைக்காரர் வீடுகளில் அவள் சப்பாத்தைக் கழற்றியதே இல்லை. அவள் இரண்டையும் கழற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, எழுந்து அவருக்கு முன்னால் வந்து நேராக நின்றாள். சேலைக் கரை விறாந்தைப் பலகையில் மடிந்து விழுந்தது. வழக்கமாக அவருடைய மூக்குக்கு நேரே இருக்கும் நெற்றிப்பொட்டு இப்போது நாடிக்குக் கீழே இருந்தது.

“என்ன கலா,” என்றார், “திடீரெண்டு கட்டையாப் போனீர்?”

“நான் எப்பவும் இவ்வளவுதான். ஐஞ்சடி ஓரங்குலம். பாஸ்போட்டில கிடக்குது.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு சப்பாத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். ஒரு பொறியியலாளரின் மூளைக்குள் கணக்கு ஓடுவதை வெளியிலிருந்தே பார்க்கக்கூடியதாக இருந்தது. மெதுவாகக் குனிந்து ஒரு சப்பாத்தை எடுத்தார். சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற அளவுநாடாவை எடுத்து, முன்னடியையும் குதியையும் அளந்தார். மூன்றேகால் அங்குலம். நீளத்துக்கு ஒருமுறை, அகலத்துக்கு ஒருமுறை, உயரத்துக்கு ஒருமுறை என்று கண்ணை மூடிக்கொண்டு உதடு அசையக் கணக்குப் பார்த்தார். கண்ணைத் திறந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“ஏழில் ஒண்டு” என்றார்.

“ஓம்.”

“எவ்வளவு காலமாப் போடுறீர்?”

“நீங்கள் முதல் படம் எடுக்க முந்தியே. வாங்கின அண்டைக்கே சொன்னனான், பிளாட்ஃபோர்ம் வாங்கியிருக்கிறன் எண்டு. நீங்கள் எந்த ஸ்டேசன் எண்டு கேட்டியள்.”

மிஸ் ஹால்ப்ரூக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கையில் ஒரு பெண்ணின் சப்பாத்தோடு விறாந்தையில் நிற்கும் ஆம்பிளையின் முகம் எந்த மொழியிலும் விளங்கும். “ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார்.

நித்தியானந்தன் நிமிர்ந்தார். அவர் எதையாவது சொல்லிச் சமாளித்துவிட்டு வெளியே போய்விடலாம். சப்பாத்தை அவள்மேல் எறியக்கூடச் செய்யலாம். அவர் இரண்டும் செய்யவில்லை.

“மிஸ் ஹால்ப்ரூக்,” என்றார், “உங்கள் தகப்பனார் எழுதியது சரி. நான் எழுதியது பிழை. நான் என் மனைவியைச் சரியாகப் பார்க்கவில்லை.” சப்பாத்தைத் தூக்கிக் காட்டி, விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னார்.

மிஸ் ஹால்ப்ரூக் கேட்டுக்கொண்டே இருந்தார். வாயின் ஒரு ஓரம் முதலில் துடித்தது. பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். முத்துமாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு முடியும்போது கண்ணில் தண்ணீர் நின்றது. அது முழுவதும் சிரிப்பினால் வந்ததில்லை.

“உள்ளே வாருங்கள், தேநீர் ஆறுகிறது” என்றார்.

தேநீரோடு அவர் தகப்பனைப் பற்றிச் சொன்னார். வால்டர் ஹால்ப்ரூக் அவ்வளவு நல்ல மனிதர் இல்லையாம். சீட்டாட்டத்தில் களவு செய்வார். அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார். “ஆனால் கலன் கணக்கில் மட்டும் அவருக்கு ஒரு பைத்தியம். எண்ணெய் விற்கிறவர்கள் எல்லோரையும் உலகம் கள்ளன் என்றுதான் நினைக்கிறது என்று சொல்லுவார். புதுப் பெட்டி ஒன்று வந்தால், அளந்த பீப்பாய்களால் தண்ணீர் ஊற்றி நிரப்பி, நிரம்பிய அளவைத் தன் கையாலேயே பெட்டியில் எழுதுவார். வேறு ஒருவரையும் எழுத விடமாட்டார்.”

“தண்ணீரால் நிரப்பினாரா!” நித்தியானந்தன் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். “முழுப் பெட்டியையும்?”

“முழுப் பெட்டியையும். தை மாதத்துக் கோடை வெயில். அவ்வளவு தண்ணீரையும் சும்மா திறந்துவிட அம்மாவுக்கு மனம் வராது. மேல் மூடியால் எங்களை ஒவ்வொருவராக உள்ளே இறக்கி நீந்த விடுவார். உள்ளே இருட்டு. கத்தினால் சத்தம் சுற்றிச் சுற்றி வரும். நான் அங்கேதான் நீந்தப் பழகினேன்.” தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, “அந்தப் பெட்டிகளில் ஒன்றைக் கண்டு அறுபது வருடமாகிறது. இன்னும் இருக்கின்றன என்பதே உங்கள் செய்திமடலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது” என்றார்.

திரும்பி வரும் வழியில் ஃபெர்ன்ட்ரீ கல்லி கழிந்த பிறகு நித்தியானந்தன் கேட்டார்.

“ஏன் முதலே சொல்லேல்லை?”

“மூண்டு தரம் சொன்னன். ஒருக்கா சப்பாத்திட்ட மன்னிப்புக் கேட்டியள்.”

அவர் யோசித்துப் பார்த்தார். உண்மைதான். “ரயிலில?” என்றார்.

“ரயிலில நீங்கள் கையைப் பிடிச்சியள். அதுக்குப் பிறகு என்னெண்டு சொல்லுறது?”

அடுத்த சிவப்பு விளக்கில் அவர் கியரை விட்டு இடது கையை எடுத்து அவளுடைய கைமேல் வைத்தார். விளக்குப் பச்சையாக மாறிப் பின்னால் வந்தவன் ஹோர்ன் அடிக்கும்வரை எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் லெஸ் ஹார்க்னெஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்தார். கட்டுரையை மீளப்பெறுகிறேன், காரணம் இது என்று சொன்னார். மறுமுனையில் அந்தப் பெரிய தொண்டையிலிருந்து ஒரு கனைப்பு.

“நித்தி, அந்தச் சப்பாத்தின் வரைபடம் ஒன்று தர முடியுமா?”

பகிடிக்குத்தான் கேட்டார். ஆனால் பகிடியை வரைபடம் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும் வழக்கம் நித்தியானந்தனிடம் இல்லை. அடுத்த சஞ்சிகையில் திருத்திய கட்டுரை வந்தது. பெட்டிகளில் எழுதிய அளவுகள் மிகச் சரியானவை என்ற முடிவும், தண்ணீர் ஊற்றி அளந்த கதையும், மிஸ் ஹால்ப்ரூக்குக்கு நன்றியும் அதில் இருந்தன. கடைசிப் பக்கத்தில், பெட்டிகளின் வரைபடங்களுக்கு அடுத்ததாக, ஒரு பெண்ணின் சப்பாத்து. பக்கத் தோற்றம், முன் தோற்றம், குதியின் குறுக்குவெட்டு, எல்லாம் அளவுகளோடு. ‘மருந்துக்கடை வகை, தனியார் உடைமை’ என்று கீழே எழுதியிருந்தார்.

கிருஷ்ணசாமி அந்தப் பக்கத்தை வெட்டிக் கொண்டுபோய்ப் பல்கலைக்கழகத்தில் தன் அறைக் கதவில் ஒட்டினார். “பிழை எப்படி வரும்னு பசங்களுக்குப் பாடம் எடுக்க இதைவிட நல்ல படம் எங்க சார் கெடைக்கும்?” என்று கேட்டார். நித்தியானந்தனுக்கு அது பாராட்டாகவே பட்டது.

வசந்தம் வந்ததும் அவர்கள் மிஸ் ஹால்ப்ரூக்கை டட்சனில் ஏற்றிக்கொண்டு கிப்ஸ்லாந்துப் பக்கம் போனார்கள். யாரகொன்னுக்கு அருகே ஒரு பால் பண்ணையில் சில்வர் வாட்டிலின் தாங்கி ஒன்று, சில்லெல்லாம் கழற்றப்பட்டு, மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. மிஸ் ஹால்ப்ரூக் சேற்றையும் பார்க்காமல் கிட்டப் போய், இரும்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு கையால் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே தண்ணீர் அதிர்ந்த சத்தம் கேட்டது. “இது சின்னதாகத் தெரிகிறதே” என்றார்.

“இந்த முறை நானில்லை” என்றாள் சந்திரகலா.

பண்ணைக்காரர் வேலியில் சாய்ந்து நின்று இவர்களை வேடிக்கை பார்த்தார். சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டப் போவதாகவும், இந்தப் பழைய இரும்பை யாராவது கொண்டுபோனால் தனக்குச் சந்தோஷம் என்றும் சொன்னார்.

திரும்பும்போது நித்தியானந்தன் மிகவும் அமைதியாகக் கார் ஓட்டினார். பின் ஆசனத்தில் மிஸ் ஹால்ப்ரூக் தூங்குவது போல் இருந்தார். அந்த அமைதி எந்த வகை அமைதி என்று சந்திரகலாவுக்குத் தெரியும்.

“கலா,” என்றார் கடைசியில், “பின்வளவில நிக்கிற தேசிமரத்தை வெட்டினால்...”

“வெட்டினால் நான் கொழும்புக்குப் போயிடுவன்.”

“வெட்டாமல், கொஞ்சம் தள்ளி நட்டால்?”

பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. மிஸ் ஹால்ப்ரூக் தூங்கவில்லை. சந்திரகலா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பச்சைப் புல்வெளி ஓடிக்கொண்டிருந்தது. வோரகலும் தாண்டிப் போனது.

பிறகு, வேறு எதையோ கேட்பவள் போல, “அந்தத் தாங்கி எத்தினை அடி நீளம்?” என்று கேட்டாள்.